நாங்கள் மிதிக்காத மூலை

போன மாதம் பணி அனுபவச் சான்றிதழ் ஒன்று வாங்குவதற்காகப் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. வீடியோ கேம்கள் விற்பனைக்குப் போவதற்கு முன் அவற்றை ஆடிப் பார்த்து, எங்கே என்ன பிழை என்று எழுதிக் கொடுக்கிற ஆபீஸ். ஒன்பது வருடம் அங்கே டெஸ்டராக இருந்தேன். வலது கட்டைவிரலின் தசைநார் வீங்கி, "இனிமே அந்தக் கன்ட்ரோலரைத் தொட்டீங்கன்னா டம்ளரைக்கூடத் தூக்க முடியாம போயிடும்" என்று டாக்டர் சொன்ன பிறகு, முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றேன். இப்போது கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். இதுவும் பிழை பார்க்கிற வேலைதான், கட்டைவிரல் தேவையில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள், "அண்ணே, இதைப் பாருங்க" என்று ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். இப்போதெல்லாம் தரையைச் சோதிக்க ஆள் தேவையில்லையாம். ஒரு புரோகிராமே கேமுக்குள் இருக்கிற ஆட்டக்காரனை நடத்திக்கொண்டு போய், ஒவ்வொரு சதுரத்தையும் மிதித்துப் பார்த்துவிடுகிறதாம். காட்டுவதற்கு அவர்கள் எடுத்தது, நாங்கள் முன்பு சோதித்த ஒரு கேமின் கடைசி லெவல். ஆட்டக்காரன் வாசலில் இருந்து புறப்பட்டான். நேராக வடகிழக்கு மூலைக்குப் போனான். அங்கே இருந்த இளம்பச்சைப் பாத்திக்குள் காலை வைத்தான்.

"ஏய், நாத்து!" என்று கத்திவிட்டேன்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னண்ணே, பாம்பைப் பார்த்த மாதிரி கத்துறீங்க?" என்றார் ஒருவர். சொன்னேன். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. "இதை எழுதிக் குடுங்கண்ணே, அடுத்து வர்றவங்களும் படிக்கட்டும்" என்றார்கள். அதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்துதான் என்னைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவைத்தார்கள். "டெஸ்டர் வேலை" என்று அம்மா ஊரில் சொல்லிவைக்க, முதல் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது இரண்டு பெரியப்பாக்கள் சர்க்கரை ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்கள். பயிற்சி மூன்று மாதம். அதில் கற்றதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: "கேம் சரியில்லை" என்று எழுதாதே, நீ என்ன செய்தாய், அது என்ன செய்தது, அதை மட்டும் எழுது.

மீதியெல்லாம் பரீதா மேடத்திடம் கற்றது.

மேடம் எங்கள் டீம் லீட். நாகூர்ப் பக்கம் துணிக்கடைக்காரக் குடும்பம். அவருக்கு கேம் ஆடத் தெரியாது. "நீங்க ஆடுறதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியும்" என்பார். நாம் எழுதிய ரிப்போர்ட்டை நம் எதிரிலேயே உரக்கப் படிப்பார், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். ஒரு வாக்கியம் முடிந்ததும் "அப்படியா?" என்பார். கன்ட்ரோலரை எடுத்து நம் கையில் கொடுப்பார். "காட்டுங்க." காட்ட முடியாவிட்டால் அந்த வாக்கியத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆண்களை எல்லாம் தம்பி என்றுதான் கூப்பிடுவார். 'சார்' என்று கூப்பிட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

தரைச் சோதனைக்கு அவர் ஒரு தாள் வைத்திருந்தார். லெவலின் தரையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம்: 'பார்த்தேன்', 'நடந்தேன்'. சில இடங்களில் தரை இருப்பது போலத் தெரியும், கால் வைத்தால் ஆட்டக்காரன் பாதாளத்துக்குப் போய்விடுவான். அதனால் 'நடந்தேன்' கட்டத்தில் டிக் போட்டால் அந்தச் சதுரத்துக்கு நாம்தான் பொறுப்பு. "கண்ணு போன இடத்தைக் கால் போனதா எழுதாதீங்க" என்பது மேடத்தின் ஒரே கட்டளை.

நான் சேர்ந்த வருடம் ஒருவர், நடக்காத சதுரங்களுக்கு டிக் போட்டு மாட்டிக்கொண்டார். சத்தம் எதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் எல்லோருக்கும் ஆபீசில் பெயர் எழுதிய டீ டம்ளர் உண்டு. அவருடைய டம்ளரை மேடமே கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தார். நான் வேலையை விடும்வரை அது அப்படியேதான் இருந்தது.

இப்போது, அந்தக் கடைசி லெவலில் இருந்த பூதத்துக்கு வருகிறேன்.

கேம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லெவலின் கடைசியில் ஒரு பெரிய எதிரி வரும். அதற்கு பாஸ் என்று பெயர். அதை வீழ்த்தினால்தான் கதவு திறக்கும். இந்த கேமை உருவாக்கியவர்கள் வெளிநாட்டுக் கம்பெனி. கடைசி பாஸ் ஒரு சேற்றுப் பூதம். சண்டை நடக்கிற இடம், தண்ணீர் கட்டிய நெல் வயல். நாலு பக்கமும் வரப்பு, ஒரு வாய்க்கால், ஒரு பனைமரம். வடகிழக்கு மூலையில் பளிச்சென்ற இளம்பச்சையில் ஒரு பாத்தி. சோதிக்க மூன்று பேர்: நான், பாபநாசம் பக்கத்துச் செல்வி, மன்னார்குடிப் பக்கத்துப் பிரபு. லெவலைத் திறந்ததுமே செல்வி, "ஐயே, நம்ம ஊரு! இதுக்கா பி.எஸ்ஸி. படிச்சேன்?" என்றாள்.

லெவல் செய்கிறவர்கள் அதற்குள் சின்னச் சின்ன ரகசியங்களை ஒளித்துவைப்பது வழக்கம். இதில் இருந்த பதினோரு ரகசியங்களுக்கும் பட்டியல் அனுப்பியிருந்தார்கள். சோளக்கொல்லைப் பொம்மையை மூன்று முறை அடித்தால் அதன் மேல் இருக்கும் காக்கா தலையைத் திருப்பும். அசையாமல் நின்றால் வாய்க்காலில் விரால் மீன் வரும். பூதம் அடிக்கப் போவது, அது அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே தண்ணீரில் தெரியும் நிழலில் தெரிந்துவிடும். பட்டியலின் அடியில் ஒரு வரி: 'இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டோம். உங்களுக்கே தெரிந்துவிடும்.'

பிரபு அதையும் கண்டுபிடித்தான். பனைமரத்தடியில் பூதம் ரொம்ப நேரம் நின்றால், ஒரு நுங்கு அதன் தலையில் விழுகிறது. "பன்னெண்டாவது ரகசியம்! எழுதிக்கடா என் பேரை" என்று இரண்டு நாள் மிதந்தான்.

தரையை மூன்றாகப் பிரித்தபோது வடகிழக்கு மூலை என் பங்கில் வந்தது. ஐந்து வாரம் வேலை. நூற்றுக்கணக்கான தடவை பூதத்தை வீழ்த்தினோம். நான்கு நிமிடத்தில் விழுந்துவிடும். 'பூதம் ரொம்ப சாது. கடைசி பாஸுக்கு இது போதாது' என்று ஆலோசனைகூட எழுதினோம். என் தாளில் எல்லாச் சதுரத்திலும் 'நடந்தேன்'. மேடம் படித்தார், நான்கைந்து இடங்களில் காட்டச் சொன்னார், காட்டினேன், அனுப்பினார்.

அடுத்த திங்கள்கிழமை காலை கம்பெனியிடமிருந்து ஒரு மெயில். பூதம் திரையில் அப்படியே உறைந்துபோகிறது, கேம் நின்றுவிடுகிறது, உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டு ஒரு படம் வைத்திருந்தார்கள்.

படத்தில் இருந்தது எங்கள் பூதம் இல்லை. நாலு கை. தலைமுடி எல்லாம் வைக்கோல். வாய் மார்பில் இருந்தது.

"இது வேற கேம் மேடம். படத்தை மாத்தி அனுப்பிட்டாங்க" என்றேன்.

"அப்படியா?"

"நிச்சயமா மேடம். அந்த லெவல்ல ஒரு சதுரம் விடாம நடந்திருக்கேன். இப்படி ஒண்ணு அங்க கிடையாது."

"நான் அப்படியே எழுதலாமா?"

"எழுதுங்க மேடம்."

எழுதினார். தன் பெயரில். 'எங்கள் டெஸ்டர் ஒவ்வொரு சதுரத்திலும் நடந்திருக்கிறார். தவறான படம் என்று நினைக்கிறோம்.' நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பெருமையாக.

சாயங்காலம் பதில் வந்தது. சோதனைக்கு அனுப்புகிற கேமில், ஆட்டக்காரன் எங்கெல்லாம் கால் வைத்தான் என்பது தானாகவே பதிவாகும். அதை அவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் படமாக்கி அனுப்பியிருந்தார்கள். மேடம் முதலில் திறந்தது என்னுடையதை. கால் பட்ட இடமெல்லாம் சிவப்பு. ஐந்து வாரத்தில் வயல் முழுக்க ரத்தம் மாதிரி சிவந்து கிடந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். சுத்தமான வெள்ளை. அதைச் சுற்றி நாலு வரப்பிலும் கெட்டிச் சிவப்பு. கீழே இரண்டு வரி: 'இந்த மூலையில் நடந்ததாகக் கையெழுத்துப் போட்டவர் யார்? புதன்கிழமைக்குள் விளக்கம் வேண்டும். அதுவரை அடுத்த வேலையைத் தொட வேண்டாம்.'

மேடம் என் தாளை எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். என் டிக், என் கையெழுத்து.

"சார், இது நீங்க போட்டதுதானே?"

சார் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது.

"நடந்தேன் மேடம்."

"எங்க நடந்தீங்க?"

"அங்கதான். நாலு பக்கமும் சுத்திச் சுத்தி நடந்தேன்."

"உள்ள?"

உள்ளே நடந்த ஞாபகமும் இல்லை, நடக்காத ஞாபகமும் இல்லை. அந்த நிலைமையை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் என் எதிரில் இருந்த தாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

செல்வி மெதுவாக, "மேடம், எங்க ரெண்டு பேர் படமும் அப்படித்தான் இருக்கு" என்றாள். மூன்று பேருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றிலும் அதே வெள்ளை. பூதத்தோடு சண்டை போட்டு, உருண்டு, ஓடி, செத்து விழுந்த ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட யார் காலும் அதற்குள் போகவில்லை.

"மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்றார் மேடம்.

"எதுக்கு மேடம்?" என்று பிரபு அழுகிற மாதிரி கேட்டான்.

மேடம் கன்ட்ரோலரை எடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. முதல் தடவையாக அவரே பிடித்தார், தலைகீழாக. செல்வி திருப்பிக் கொடுத்தாள். மேடத்தின் ஆட்டக்காரன் வாசல் தூணில் முட்டினான், வாய்க்காலில் விழுந்தான், பூதத்திடம் இரண்டு அடி வாங்கினான், எழுந்து தட்டுத் தடுமாறி வடகிழக்குப் பக்கம் போனான். வரப்பைத் தாண்டினான்.

"மேடம், நாத்து! நாத்து!"

கத்தியது நான் மட்டும் இல்லை. மூன்று பேரும். ஒரே நேரத்தில், ஒரே வார்த்தை. கீழே மருந்துக் கடைக்காரர் படியேறி வந்து என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்கு.

மேடம் திரும்பி எங்களைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் அழுத்தியபடியே இருந்தது. ஆட்டக்காரன் பாத்திக்குள் நடந்துகொண்டிருந்தான். திரையில் பூதம் பாதி ஓங்கிய கையோடு நின்றுவிட்டது. அது தலையைத் திருப்பி அந்த மூலையைப் பார்த்தது. அப்புறம் அதன் முதுகு பிளந்து இரண்டு கை வந்தது. மார்பில் வாய் திறந்தது. அது போட்ட சத்தம் மாதிரி ஒன்றை ஐந்து வாரத்தில் நாங்கள் கேட்டதே இல்லை. வயலில் இருந்த தண்ணீர் முழுக்கச் சுவராக எழும்பி நின்றது. செல்வி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இரண்டு நிமிடம் கழித்து எல்லாம் அப்படியே உறைந்து, கேம் நின்றது.

பூதத்துக்கு இரண்டாவது உருவம் இருந்திருக்கிறது. லெவலில் பாதி அதுதான். ஐந்து வாரம் உட்கார்ந்து 'சாது' என்று எழுதிக் கொடுத்தோமே, அந்தப் பாதியை நாங்கள் பார்த்ததே இல்லை. பிரபு, "அப்ப என் நுங்கு?" என்றான். (அது ரகசியம் இல்லை, மரத்தில் இருந்த பிழை என்று பிறகு தெரிந்தது.)

"அது என்ன, நாத்து?" என்றார் மேடம்.

"நாத்தங்கால் மேடம். நெல்லு விதைச்சு, அப்புறம் பிடுங்கி நடுறதுக்கு."

"அதை மிதிக்கக் கூடாதா?"

"யாராவது மிதிப்பாங்களா மேடம்?" என்றாள் செல்வி, மேடம் ஏதோ சோற்றில் கால் வைக்கலாமா என்று கேட்டது மாதிரி.

மேடம் கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினார். "இப்ப நீங்க போங்க சார்."

வரப்பு வரைக்கும் போனேன். விரல் நின்றுவிட்டது. வேண்டுமென்று நிறுத்தவில்லை. மறுபடி அழுத்தினேன். ஆட்டக்காரன் வரப்போரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

"மிதிடா, என்ன உங்கப்பன் வீட்டு நாத்தா?" என்றான் பிரபு.

இல்லை. அதுதான் விஷயம். ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும். பட்டம் அறுந்து விழுந்ததென்று ஒருவருடைய நாற்றங்காலுக்குள் இறங்கிவிட்டேன். வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஓடி வந்து என்னைத் தூக்கி அறைந்தார். வயல்காரரைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் அறைந்தார். இரண்டாவது அறை எனக்கானது இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்த அறையை மறந்தே போயிருந்தேன். கட்டைவிரல் மறக்கவில்லை போலிருக்கிறது. பிரபு வீட்டில் சொந்த நிலம். அவன் நாற்றங்காலுக்கு ஆடு மாடு வராமல் காவல் இருந்தவன். செல்வியின் அம்மா நடவுக்குப் போகிறவர். ஆளுக்கொரு வழியில் வந்து மூன்று பேரும் அதே வரப்பில் நின்றிருக்கிறோம்.

நாற்றங்காலைப் பார்ப்பது என்றால் எங்கள் ஊரில் வரப்பைச் சுற்றி வந்து பார்ப்பதுதான். நான் அதைத்தான் செய்தேன். செய்துவிட்டு 'நடந்தேன்' என்று எழுதினேன்.

மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். போனது.

அன்றிலிருந்து புதன்கிழமை வரை மூன்று பேரும் அந்தப் பாத்தியை மிதித்தோம். ஓடி மிதித்தோம், குதித்து மிதித்தோம், உருண்டு மிதித்தோம். உறைந்துபோகிற பிழையைச் செல்வி பிடித்தாள்: தண்ணீர்ச் சுவர் எழும்பும்போது ஆட்டக்காரன் பாத்திக்குள்ளேயே நின்றால்தான் அது வருகிறது. இன்னும் ஏழு பிழைகள் கிடைத்தன. ஆனால் விளக்கம் எழுதும் வேலை என்னுடையது. "கையெழுத்து போட்டவர்தான் சார் எழுதணும்" என்றுவிட்டார் மேடம். ஒரு நாள் முழுக்க எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் மிஞ்சியது மூன்று வாக்கியம். நடந்தேன் என்று எழுதினேன். நடக்கவில்லை. நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே நாற்றங்கால் என்றால் என்னவென்று ஒரு பத்தி. மேடம் அதை உரக்கப் படித்தார். "அப்படியா?" கேட்கவில்லை. பென்சிலையும் எடுக்கவில்லை. அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை மதியம் வீடியோ காலில் அந்த லெவலை உருவாக்கிய பெண்மணி வந்தார். கோபமாக இல்லை. குழம்பிப்போயிருந்தார். நான் தப்பும் தவறுமான இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார்: "அது பயிர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் வரைந்தது வெறும் பளிச்சென்ற புல்."

நெல் வயல் வரைய ஒரு போட்டோவைப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு மூலை மட்டும் தனிப் பச்சையாக இருந்தது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. கேமில் ஓர் இடம் மட்டும் தனி நிறத்தில் இருந்தால் 'இங்கே வா' என்று அர்த்தம். உலகத்தில் எந்த ஆட்டக்காரனும் முதல் நிமிடத்திலேயே அங்கே ஓடிப்போவான் என்று நம்பியிருக்கிறார். போகாதவர்களுக்காக இன்னும் இரண்டு குறிப்பு வைத்திருந்தாராம். ஒன்று, அந்த மூலைக்குப் பக்கத்தில் அடி வாங்கினால் பூதம் உடனே திரும்பிப் புல்லைப் பார்க்கும். இன்னொன்று, பூதம் தன் காலை ஒருபோதும் அதற்குள் வைக்காது, எவ்வளவு வெறியில் ஓடி வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் வரும்.

"அது சுற்றிப் போவதை நீங்கள் பார்க்கவே இல்லையா?" என்றார்.

பார்த்தோம். நூற்றுக்கணக்கான தடவை பார்த்தோம். பூதம் வரப்பில் போனது. நாங்களும் வரப்பில் போனோம். அது எங்களுக்கு ஒரு குறிப்பாகவே படவில்லை. வயலில் வேறு எப்படிப் போவார்கள்?

அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். பூதத்தின் காலடிப் படத்தையும் எடுத்து எங்கள் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நான்கு படம். நான்கிலும் அதே மூலையில் அதே வெள்ளை. பிரபு சன்னமாக, "அது நம்மாளுடா" என்றான். செல்வி அவன் காலை மிதித்தாள்.

அடுத்த வேலையை எங்களுக்கே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு சோதனைத் தாளின் கடைசியிலும் ஒரு கேள்வி இருந்தது: 'உங்கள் கால் எங்கே போகவில்லை?'

ஆனால் என் விஷயம் அதோடு முடியவில்லை. ஆபீசுக்கு வேலை கிடைத்தது. என் டிக் அந்தத் தாளில் அப்படியே இருந்தது. வீடியோ கால் முடிந்ததும் நான் நேராக உள்ளே போய் என் டீ டம்ளரை எடுத்துக் கழுவினேன். அலமாரியைத் திறந்தேன். அந்தப் பழைய டம்ளர் கவிழ்ந்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் என்னுடையதைக் கவிழ்த்து வைத்தேன். அவர் செய்வதற்கு முன் நானே செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"யார் கவுக்கச் சொன்னா?"

மேடம் வாசலில் நின்றிருந்தார். கையில் என் தாள்.

"நடக்காததை நடந்தேன்னு எழுதினவங்களுக்கு இதுதானே மேடம்?"

"அவரு நடக்கலைன்னு தெரிஞ்சே எழுதினாரு. அவர் மாதிரி ஆளை என்னால கண்டுபிடிச்சிட முடியும். எழுதும்போது முகத்துல தெரியும்." தாளை என்னிடம் நீட்டினார். "நீங்க நடந்தோம்னு நம்பி எழுதினீங்க. அன்னைக்கு உங்களைக் காட்டச் சொன்னேனே, நானும் உங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன். எனக்கு இப்ப உங்களைப் பார்த்துதான் பயமா இருக்கு, தம்பி."

தம்பி என்றதில் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்திருந்தார். எனக்கும் அன்றைக்கு வந்த பயம் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் அச்சகத்தில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்துக் கையெழுத்துப் போடும்போது, எந்த வரியைச் சுற்றிக்கொண்டு வந்தேனோ என்று விரல் ஒரு நொடி நிற்கிறது.

மேடம் என் டம்ளரை நிமிர்த்தி வைத்தார். நான் பேனாவை எடுத்து, 'நடந்தேன்' கட்டத்தில் இருந்த என் டிக்கை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் போட்டேன். 'பார்த்தேன்.'